வீடு வாங்கும் வேளையில்: முகவர் யார் பக்கம்?

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். சிங்கப்பூரில் நாம் வீட்டைக் கட்டுவதில்லை; வாங்குகிறோம். ஆகவே பழமொழியின் முதற்பாதியை 'வீட்டை வாங்கிப் பார்' என்று மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். இரண்டாம் பாதி முதற்பாதியோடு ஒட்டிக்கொண்டே வருகிறது. நம் பேரவையின் செயலவையில் என்னோடு இருந்தவர்களில் சிலர், திருமண நாள் குறிப்பதற்கு முன்பே வீட்டுக்கு விண்ணப்பம் போட்டவர்கள்.

ஆண்டு மலரில் வீடு வாங்குவது பற்றி ஒரு கட்டுரையா என்று நண்பர்கள் வியக்கலாம். எழுதுவதற்கு எனக்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, பட்டம் பெற்ற சில ஆண்டுகளுக்குள் நம்மில் பெரும்பாலோர் வாழ்நாளின் மிகப் பெரிய கடன் பத்திரத்தில் கையெழுத்திடப் போகிறோம். இரண்டாவது, அதற்கும் முன்பாகவே நமக்கு ஒரு வேலை வந்து சேர்கிறது. "தம்பி, அந்த ஏஜெண்ட் என்னமோ சொல்றாரு, கொஞ்சம் கேட்டுச் சொல்லுப்பா" என்று அப்பாவோ மாமாவோ அழைப்பார்கள். அந்த நொடியில் நாம் மாணவர் அல்லர், மொழிபெயர்ப்பாளர். பட்டிமன்ற மேடையில் ஒரு சொல் தவறினால் மதிப்பெண் குறையும். இங்கே ஒரு சொல் தவறினால் பெற்றோரின் சேமிப்புக் குறையும்.

நான் சொத்து முகவர் அல்லன், வழக்கறிஞரும் அல்லன். அக்காள் குடும்பத்துக்கும், மாமா குடும்பத்துக்கும், இரண்டு நண்பர்களுக்கும் மறுவிற்பனை வீடு வாங்கும்போது உடன் சென்றவன். அந்த அனுபவத்தையும் படித்துத் தெரிந்துகொண்ட விதிகளையும் இங்கே பாடமாகத் தொகுத்துத் தருகிறேன். தனியார் வீடுகளை விட்டுவிட்டு, நம்மில் பெரும்பாலோர் வாங்கும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) மறுவிற்பனை வீடுகளோடு நிறுத்திக்கொள்கிறேன்.

தரகரும் முகவரும்

நம் தாத்தா காலத்துச் சொல் 'தரகர்'. மாட்டுத் தரகர், கல்யாணத் தரகர், வீட்டுத் தரகர் என்று எல்லாவற்றுக்கும் ஒருவர் இருந்தார். அவர் இருவருக்கும் நடுவில் நிற்பவர். இந்தப் பக்கமும் பேசுவார், அந்தப் பக்கமும் பேசுவார். இரண்டு பக்கமும் தரகு வாங்கிக்கொள்வார். 'முகவர்' என்ற சொல்லோ 'முகம்' என்பதை உள்ளே வைத்திருக்கிறது. ஒருவருக்குப் பதிலாக, அவருடைய முகமாக நிற்பவர் என்று நான் அதைப் புரிந்துகொள்கிறேன். ஒருவர் இரண்டு பேருக்கு முகமாக இருக்க முடியாது.

சிங்கப்பூர்ச் சட்டமும் இதே வேறுபாட்டைத்தான் செய்கிறது. 2010ஆம் ஆண்டு சொத்து முகவர் சட்டம் வருவதற்கு முன், ஒரே முகவர் விற்பவரிடமும் வாங்குபவரிடமும் கமிஷன் பெறுவது மறுவிற்பனைச் சந்தையில் சாதாரணமாக நடந்தது. அச்சட்டத்தின் கீழ் 2010 அக்டோபரில் சிஇஏ எனப்படும் சொத்து முகவர் மன்றம் அமைந்தது. அதன்பின் ஒரே பரிவர்த்தனையில் ஒரு முகவர் இரு தரப்பையும் பிரதிநிதிக்கக் கூடாது என்பது விதி. சுருங்கச் சொன்னால், தரகர் முகவராக மாறினார்.

விதி மாறினாலும் நம் வீட்டுப் பெரியவர்களின் மனத்தில் இன்னும் பழைய தரகர்தான் இருக்கிறார். வீடு பார்க்கப் போகிறோம். விளம்பரத்தில் இருந்த எண்ணை அழைத்தோம். ஒருவர் சிரித்த முகத்தோடு கதவைத் திறக்கிறார். காற்றோட்டத்தையும், பக்கத்தில் இருக்கும் எம்ஆர்டி நிலையத்தையும், தொடக்கப் பள்ளியையும் பற்றிச் சொல்கிறார். "உங்க பட்ஜெட் எவ்வளவு? அதிகபட்சம் எவ்வளவு வரை போவீங்க?" என்று கேட்கிறார். நல்ல மனிதராயிற்றே என்று நம் அப்பா உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறார். அவர் நல்ல மனிதராகவே இருக்கலாம். ஆனால் அவர் விற்பவரின் முகம். விற்பவருக்கு நல்ல விலை வாங்கித் தருவதுதான் அவருடைய கடமை. நாம் சொன்ன அதிகபட்சத் தொகை விற்பவரின் காதுக்குப் போனால் அதில் அவர் குற்றம் ஏதுமில்லை.

எனவே முதற்பாடம் இதுதான். எந்த முகவரைச் சந்தித்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "நீங்கள் யாருக்காக வேலை செய்கிறீர்கள்?" என்பது. இதைக் கேட்பது மரியாதைக் குறைவு அன்று. அதற்கு அவர் நேரடியாகப் பதில் சொல்ல வேண்டும். அவர் விற்பவரின் முகவர் என்றால், அவருக்கு நாம் கமிஷன் தரத் தேவையில்லை. நம் கணக்கையும் அவரிடம் திறந்து காட்டத் தேவையில்லை.

முகவர் வேண்டுமா?

வேண்டும் என்றும் சொல்ல மாட்டேன், வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். வீவகவிடம் இருந்து நேரடியாகப் புதிய வீடு வாங்குவோருக்கு முகவர் தேவையே இல்லை. மறுவிற்பனையிலும் முகவர் கட்டாயம் இல்லை. 2018 ஜனவரியில் வீவகவின் மறுவிற்பனை இணையவாசல் தொடங்கியது. தகுதி பார்ப்பது முதல் விண்ணப்பம் வரை அதிலேயே செய்துவிடலாம். 2024ஆம் ஆண்டு முதல் விற்பவர்கள் தங்கள் வீட்டை வீவகவின் தளத்திலேயே பட்டியலிடவும் வசதி வந்துவிட்டது. பேட்டைவாரியாக, தெருவாரியாக, எந்த மாடி வீடு எந்த விலைக்குப் போனது என்ற விவரமும் அங்கே இலவசமாகக் கிடைக்கிறது.

என் நண்பர் ஒருவர் முகவர் இல்லாமலேயே வாங்கினார். அவருக்கு நேரம் இருந்தது, படிவங்களைப் படிக்கும் பொறுமை இருந்தது. என் அக்காளுக்கோ ஒன்றரை வயதுக் குழந்தை; அத்தானுக்கு இரவு வேலை. அவர்கள் முகவரை அமர்த்திக்கொண்டது சரியான முடிவு. முகவரால் ஆகும் வேலைகள் இவை: நம் தேவைக்கு ஏற்ற வீடுகளை வடிகட்டித் தருவது, பார்வையிட நேரம் குறிப்பது, அண்மைய விற்பனை விலைகளை ஒப்பிட்டுக் காட்டுவது, விற்பவரின் முகவரோடு பேரம் பேசுவது, கெடு நாள்களை நினைவூட்டுவது, படிவங்களில் துணை நிற்பது. இவற்றுள் எவற்றை நாமே செய்ய முடியும் என்று முதலில் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். மிச்சம் இருப்பதுதான் முகவரின் வேலை. அதற்குத்தான் நாம் பணம் தருகிறோம்.

தெரிந்து தெளிதல்

திருக்குறளில் இந்தப் பெயரில் ஓர் அதிகாரமே இருக்கிறது. ஒருவரை ஆராய்ந்து பார்த்த பிறகே நம்ப வேண்டும் என்பது அதன் கருத்து. முகவரைத் தெரிவு செய்வதற்கும் அது பொருந்தும். "நம்ம ஆளு", "கோவிலில் பார்த்திருக்கிறேன்", "நல்லாத் தமிழ் பேசுறாரு" என்பவை அறிமுகத்துக்குப் போதும். ஆராய்ச்சிக்குப் போதாது.

முதலில், அவர் பதிவு பெற்றவரா என்று பார்க்க வேண்டும். சிஇஏ தளத்தில் பொதுப் பதிவேடு இருக்கிறது. ஒவ்வொரு முகவருக்கும் 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கி, ஆறு இலக்கங்களும் இறுதியில் ஓர் எழுத்தும் கொண்ட பதிவு எண் உண்டு. அந்த எண்ணையோ கைப்பேசி எண்ணையோ தட்டினால் அவர் பெயர், நிறுவனம், பதிவுக் காலம், முன்பு ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளானாரா என்பவை தெரியும். அவர் முடித்துக் கொடுத்த பரிவர்த்தனைகளின் பட்டியலையும் பார்க்கலாம். நாம் உட்லண்ட்சில் நாலறை வீடு தேடுகிறோம். அவரோ இதுவரை வாடகை வீடுகளை மட்டுமே முடித்தவர் என்றால், அது நமக்குத் தெரிய வேண்டிய செய்தி.

அடுத்து, மூன்று பேரையாவது சந்தித்துப் பேசுங்கள். நான் கேட்கச் சொல்லும் கேள்விகள் சில: இந்தப் பேட்டையில் கடைசியாக எந்த வீட்டை முடித்தீர்கள்? நாங்கள் பார்க்கும் வீட்டுக்கு இதே புளோக்கில் அண்மையில் என்ன விலை போயிற்று? இந்த வீட்டில் உங்களுக்குப் பிடிக்காதது என்ன? கடைசிக் கேள்விக்கு வரும் பதில்தான் மிக முக்கியம். எல்லா வீட்டையும் புகழ்கிறவர் எந்த வீட்டைப் பற்றியும் நமக்கு ஒன்றும் சொல்லவில்லை.

ஒப்பந்தமும் கமிஷனும்

கமிஷன் இவ்வளவுதான் என்று சட்டம் எதையும் நிர்ணயிக்கவில்லை. மறுவிற்பனை வீட்டில் வாங்குபவர் தம் முகவருக்கு விலையில் 1 விழுக்காடு தருவது பரவலான வழக்கம். வழக்கம் விதி ஆகாது, பேசிக் குறைக்கலாம். நிலையான ஒரு தொகையாகவும் வைத்துக்கொள்ளலாம்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். வீட்டின் விலை 550,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். 1 விழுக்காடு கமிஷன் 5,500 வெள்ளி. முகவரின் நிறுவனம் பொருள் சேவை வரிக்குப் பதிவு செய்திருந்தால் 9 விழுக்காடு வரி 495 வெள்ளி. மொத்தம் 5,995 வெள்ளி. 'வரி உட்படவா, வரி தனியா?' என்று கேட்காமல் கையெழுத்திட்டால், பின்னர் ஏறத்தாழ ஐந்நூறு வெள்ளிக்கு வாக்குவாதம் வரும்.

இந்தக் கணக்கில் இன்னொரு பாடமும் ஒளிந்திருக்கிறது. "விலை ஏற ஏற ஏஜெண்டுக்கு லாபம், அதனால் அவர் குறைத்துப் பேச மாட்டார்" என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. பேரம் பேசி 20,000 வெள்ளி குறைத்தால் நமக்கு மிச்சம் 20,000. முகவருக்கு நட்டம் 200. அந்த 200 வெள்ளிக்காக ஒருவர் நமக்குத் துரோகம் செய்வார் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் விற்பனையே முடியாமல் போனால் அவருக்கு 5,500ம் போய்விடும். ஆகவே முகவரின் உண்மையான ஆசை விலை கூட வேண்டும் என்பதில்லை; சீக்கிரம் முடிய வேண்டும் என்பதுதான். "கொஞ்சம் கூட்டிக் கொடுத்து முடித்துவிடுங்கள்" என்ற அறிவுரை வரும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அவர் கெட்டவர் என்று பொருள் அன்று. அவருடைய அவசரமும் நம்முடைய அவசரமும் ஒன்றல்ல என்றுதான் பொருள்.

எதைப் பேசினாலும் எழுத்தில் இருக்க வேண்டும். முகவருக்கும் வாடிக்கையாளருக்கும் இடையிலான ஒப்பந்தத்துக்குச் சிஇஏ வகுத்துத் தந்த படிவங்கள் உள்ளன. அவற்றில் 'எக்ஸ்க்ளூசிவ்' என்று ஒரு வகை உண்டு. குறிப்பிட்ட காலத்துக்கு அந்த ஒரு முகவர் வழியாக மட்டுமே வாங்குவோம் என்று நாம் உறுதி கூறுவது அது. அதன் காலம் மூன்று மாதங்களுக்கு மேல் போகக் கூடாது. முதல் சந்திப்பிலேயே அதில் கையெழுத்திடச் சொன்னால், "வீட்டுக்குப் போய்ப் படித்துவிட்டு வருகிறோம்" என்று சொல்ல நமக்கு முழு உரிமை உண்டு.

இன்னொன்றை அடிக்கோடிட்டுச் சொல்கிறேன். வீடு வாங்கும் பணம் எதையும் முகவரின் கையில் கொடுக்கக் கூடாது. சொத்து விற்பனையில் பரிவர்த்தனைப் பணத்தை முகவர் கையாளவே கூடாது என்பது சட்டம். ஆப்ஷன் தொகை விற்பவருக்கு நேராகப் போக வேண்டும். "என் கணக்கில் போடுங்கள், நான் கொடுத்துவிடுகிறேன்" என்று யாராவது சொன்னால், பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

முதலில் எது, பிறகு எது?

வரிசை தவறினால் பணம் தவறும். 2023 மே மாதம் முதல், மறுவிற்பனை வீடு வாங்குபவர் ஆப்ஷன் பெறுவதற்கு முன்பே வீவகவின் வீட்டுத் தகுதிக் கடிதத்தை வைத்திருக்க வேண்டும். நமக்கு வாங்கத் தகுதி உண்டா, எவ்வளவு மானியம் கிடைக்கும், வீவக எவ்வளவு கடன் தரும் என்ற மூன்றையும் அக்கடிதம் சொல்லிவிடும். அது கைக்கு வரும் முன் வீடு பார்ப்பது, விலைச்சீட்டைப் பார்க்காமல் துணி எடுப்பது போன்றது.

வீடு பிடித்து, விலையும் ஒத்துப்போனால், விற்பவர் நமக்கு ஆப்ஷன் தருகிறார். அதற்கு வீவகவே வகுத்த படிவம் உண்டு. அதைத்தான் பயன்படுத்த வேண்டும். இதற்கு நாம் தரும் தொகை 1 வெள்ளி முதல் 1,000 வெள்ளி வரை. அதன்பின் 21 நாள்கள் நமக்கு அவகாசம். அந்த 21 நாள்களுக்குள் விற்பவர் வேறு யாருக்கும் ஆப்ஷன் தர முடியாது. நாம் வாங்க முடிவு செய்தால் கையெழுத்திட்டு மீதித் தொகையைத் தருகிறோம். இரண்டும் சேர்ந்து 5,000 வெள்ளியைத் தாண்டக் கூடாது. வேண்டாம் என்று விட்டுவிட்டால் முதலில் கொடுத்த ஆப்ஷன் தொகை மட்டும் போகும்.

இதில் பலர் தடுமாறும் இடம் மதிப்பீடு. 2014 மார்ச்சுக்கு முன்பு மதிப்பீட்டை முதலில் எடுத்துவிட்டு, அதற்கு மேல் எவ்வளவு ரொக்கம் என்று பேரம் பேசுவார்கள். இப்போது விலையைப் பேசி ஆப்ஷன் வாங்கிய பிறகே மதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்க முடியும். அடுத்த வேலை நாளுக்குள் விண்ணப்பித்துவிட வேண்டும். ஆக, மதிப்பு என்னவென்று தெரியாமலே விலையை ஒப்புக்கொள்கிறோம்.

நம் 550,000 வெள்ளி வீட்டுக்கு மதிப்பீடு 530,000 என்று வந்தால் என்ன ஆகும்? இடையில் உள்ள 20,000 வெள்ளியை முழுக்க ரொக்கமாகத் தர வேண்டும். மத்திய சேம நிதியையோ கடனையோ அதற்குத் தொட முடியாது. 2024 ஆகஸ்ட் முதல் வீவக கடனின் உச்சவரம்பு 75 விழுக்காடு. விலை, மதிப்பு இரண்டில் எது குறைவோ அதன் மீது அது கணக்கிடப்படும். 530,000இல் 75 விழுக்காடு 397,500. மீதி 132,500 வெள்ளியைச் சேம நிதியிலிருந்தோ ரொக்கமாகவோ, மானியம் கிடைத்தால் அதையும் சேர்த்தோ கட்டலாம். முத்திரை வரி 550,000 வெள்ளி மீது: முதல் 180,000க்கு 1 விழுக்காடு, அடுத்த 180,000க்கு 2 விழுக்காடு, மீதி 190,000க்கு 3 விழுக்காடு, மொத்தம் 11,100 வெள்ளி. இந்தக் கணக்கை முகவர் உங்களுக்காகப் போட்டுக் காட்ட வேண்டும். அவர் போடுவதற்கு முன் நீங்களும் போட்டுப் பாருங்கள்.

வீட்டின் குத்தகைக் காலத்தையும் கேளுங்கள். வீவக வீடு 99 ஆண்டுக் குத்தகை. 2019 மே முதல், மீதமுள்ள குத்தகை வாங்குபவர்களுள் இளையவருக்கு 95 வயது ஆகும் வரை நீடிக்க வேண்டும். இல்லையேல் சேம நிதிப் பயன்பாடும் வீவக கடனும் குறையும். 28 வயதுப் பட்டதாரிக்கு 67 ஆண்டுகள் தேவை. 59 ஆண்டுகளே மீதமுள்ள பழைய வீடு விலை மலிவாகத் தோன்றினாலும், கையிலிருந்து போகும் பணம் கூடுதலாக இருக்கலாம்.

நம் இனத்துக்கு உரிய ஒரு கேள்வி

பொதுவான வழிகாட்டிகளில் ஒரு வரியில் முடிந்துவிடும் இச்செய்தி, நமக்கு மிக முக்கியமானது. 1989 மார்ச்சில் நடப்புக்கு வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கையின்படி, ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒவ்வொரு புளோக்குக்கும் இனவாரியாக உச்சவரம்பு உண்டு. இந்தியர் மற்றும் பிற இனத்தவருக்கு 2010 மார்ச் முதல் வட்டாரத்தில் 12 விழுக்காடு, புளோக்கில் 15 விழுக்காடு. அதற்கு முன் அவை 10, 13 ஆக இருந்தன.

ஒரு புளோக்கில் நம் வரம்பு நிரம்பிவிட்டால், அங்கே ஓர் இந்தியர் வாங்க வேண்டுமானால் விற்பவரும் இந்தியராகவோ பிற இனத்தவராகவோ இருக்க வேண்டும். வரம்பு நிலவரம் மாதந்தோறும் முதல் நாளில் புதுப்பிக்கப்படும். வீவக தளத்தில் யாரும் பார்க்கலாம். வீடு பார்க்கப் போகும் முன்பே இதைச் சரிபார்க்காத முகவர், நம் நேரத்தை மதிக்காதவர். நிரந்தரவாசிக் குடும்பங்களுக்கு இன்னொரு வரம்பும் உண்டு: மலேசியர் அல்லாத நிரந்தரவாசிகளுக்கு வட்டாரத்தில் 5 விழுக்காடு, புளோக்கில் 8 விழுக்காடு. நிரந்தரவாசத் தகுதி பெற்று மூன்று ஆண்டுகள் கழிந்த பிறகே அவர்கள் மறுவிற்பனை வீடு வாங்க முடியும். தமிழகத்திலிருந்து வந்து இங்கே படித்துத் தங்கிவிட்ட நம் முன்னாள் மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

விற்கும் நாளையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு புளோக்கில் சீனர் வரம்பு நிரம்பியிருந்தால், அங்குள்ள இந்திய உரிமையாளர் சீனருக்கு விற்க முடியாது. வாங்க வருவோர் குறைவர், விலையும் இறங்கலாம். அத்தகைய வீட்டை ஓர் இந்தியரிடமிருந்து வாங்கும்போது பேரத்துக்கு நமக்கு இடம் உண்டு. ஆனால் இன்று நமக்கு மலிவாகக் கிடைத்த அதே காரணம் நாளை நம் கையைக் கட்டக்கூடும். விற்க முடியாமல் உண்மையாகவே தவிக்கும் உரிமையாளர்களிடமிருந்து சில சூழல்களில் வீவகவே திரும்ப வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு 2022இல் அறிவிக்கப்பட்டது. அதை நம்பி யாரும் வாங்கக் கூடாது. "இந்தப் புளோக்கில் எந்தெந்த இனத்தின் வரம்பு நிரம்பியிருக்கிறது?" என்று முகவரிடம் கேளுங்கள். நம் இனத்தின் வரம்பை மட்டும் கேட்டு நின்றுவிடாதீர்கள்.

மொழிபெயர்ப்பாளரின் பொறுப்பு

இப்போது நம் துறைக்கு வருகிறேன். முகவர் பேசும் ஆங்கிலச் சொற்களை அப்படியே தமிழில் உச்சரித்துவிட்டால் மொழிபெயர்ப்பு ஆகிவிடாது. அகராதிச் சொல்லைப் போட்டாலும் ஆகாது.

மாமாவும் அத்தையும் வாங்கியபோது 'ஜாயின்ட் டெனன்ட்' என்ற சொல் வந்தது. அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. "நாம வாங்கத்தானே போறோம்? வாடகைக்கா இருக்கப் போறோம்?" என்றார். 'டெனன்ட்' என்றால் வாடகைக்காரர் என்றுதான் அவருக்குத் தெரியும். நான் இப்படி விளக்கினேன்: "ஒண்ணு, ரெண்டு பேருக்கும் சேர்த்து முழு வீடும் சொந்தம். ஒருத்தர் காலமாயிட்டா, மத்தவருக்குத் தானா வந்துடும். உயில் எழுதி மாத்த முடியாது. இன்னொண்ணு, ஆளுக்கு இவ்வளவுன்னு பங்கு. ஒருத்தர் காலமாயிட்டா, அவரோட பங்கு அவர் உயில்படியோ சட்டப்படியோ வாரிசுகளுக்குப் போகும்." அத்தை சற்று யோசித்து, மாமாவைப் பார்த்து, முதல் வகையே போதும் என்றார். அவர் புரிந்து முடிவெடுத்தார். அதுதான் மொழிபெயர்ப்பின் பயன்.

'எக்சர்சைஸ்' என்ற சொல்லும் அப்படியே. 'ஆப்ஷனை எக்சர்சைஸ் பண்ணுவது' என்றால் "கண்டிப்பா வாங்குறோம்னு கையெழுத்துப் போட்டு மீதித் தொகையைக் கட்டுவது, அதுக்கப்புறம் பின்வாங்க முடியாது" என்று சொல்ல வேண்டும். 'எக்ஸ்டென்ஷன்' என்று விற்பவர் கேட்டால், "வீடு நம்ம பேருக்கு மாறின பிறகும் அவங்க மூணு மாசம் வரைக்கும் அதுலேயே இருக்கக் கேக்குறாங்க" என்று விளக்க வேண்டும். கிரகப்பிரவேசத்துக்கு நாள் பார்க்கும் குடும்பத்துக்கு இது சின்ன விஷயம் அன்று.

மொழிபெயர்க்கும்போது மூன்று ஒழுங்குகளை நான் கடைப்பிடிக்கிறேன். பெரியவர்களுக்காக நானே முடிவெடுக்க மாட்டேன். முகவர் சொன்னதை முழுதாகச் சொல்லிவிட்டு, என் கருத்தைத் தனியாகச் சொல்வேன். எண்களைக் காகிதத்தில் எழுதிக் காட்டுவேன். எனக்கே புரியாததை, புரிந்ததுபோல் தமிழில் சொல்ல மாட்டேன்; முகவரிடம் மீண்டும் கேட்பேன்.

மாமா முதலில் பார்த்த ஒரு வீட்டில், விற்பவரின் முகவர், "இன்னொருவர் நாளைக் காலை வருகிறார், இன்று இரவு எட்டு மணிக்குள் சொல்லிவிடுங்கள்" என்று நெருக்கினார். அதே புளோக்கில் அண்மையில் விற்ற வீடுகளின் விலையைக் கேட்டேன். நேரான பதில் வரவில்லை. அவர் சொன்னதை ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் மாமாவிடம் தமிழில் சொன்னேன். மாமா, "அவசரப்பட்டு வாங்க இது மீன் இல்லையே" என்றார். அந்த வீடு வேறு யாருக்கோ போயிற்று. இரண்டு மாதங்களுக்குப் பின் பக்கத்துத் தெருவில் வேறொரு வீட்டை வாங்கினார். எது மேலான பேரம் என்று கணக்குப் பார்க்க முடியாது. ஆனால் இரவில் நிம்மதியாகத் தூங்கினார் என்பது எனக்குத் தெரியும்.

நிறைவாக

முகவர் நம் பகைவர் அல்லர். என் அக்காளுக்கு அமைந்தவர், ஒரு வீட்டில் குளியலறைக் கூரையில் இருந்த நீர்க்கசிவை அவரே சுட்டிக்காட்டி, வேண்டாம் என்று தடுத்தார். அன்றைக்கு முடித்திருந்தால் அவருக்குக் கமிஷன் கிடைத்திருக்கும். அத்தகையோர் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தரும் பணம் வீண் இல்லை. தவறு நடந்தால் முதலில் அவருடைய நிறுவனத்திடம் எழுத்துமூலம் தெரிவிக்கலாம். தீராவிட்டால் சிஇஏவிடம் புகார் செய்யலாம். அதற்காகவே குறுஞ்செய்திகளையும் கையெழுத்திட்ட படிவங்களையும் பத்திரப்படுத்தி வையுங்கள். விழுக்காடுகளும் வரம்புகளும் அவ்வப்போது மாறுபவை. கையெழுத்திடும் வாரத்தில் வீவக, சிஇஏ தளங்களை ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.

நண்பர்களே, ஐந்து கேள்விகளை மட்டும் மனத்தில் இருத்துங்கள். நீங்கள் யாருக்காக வேலை செய்கிறீர்கள்? உங்கள் பதிவு எண் என்ன? கமிஷன் வரியோடு எவ்வளவு? ரொக்கமாக என் கையிலிருந்து எவ்வளவு போகும்? இந்தப் புளோக்கில் இன வரம்பு எப்படி இருக்கிறது? இவற்றை ஆங்கிலத்தில் கேட்டு, பதிலைத் தமிழில் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் அவர்கள் புரிந்து தலையசைக்கும் வரை சொல்லிப் பாருங்கள். பேரவையில் நாம் வளர்க்கும் தமிழ் வீட்டுக்கும் பயன்படட்டும்.